ஆறு விரல் வீரசாமியும் கீழே விழாத பாலும்

வீரசாமி மாமாவுக்கு இடது காலில் ஆறு விரல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால், படித்த மனிதர்கள் பலர் அந்த விரலில் தடுக்கி விழப்போகிறார்கள்.

எங்கள் தீவில், சேன் பியேருக்கும் ரோஸ் ஹில்லுக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் அவர் கண்டக்டர். கம்பெனி கொடுத்த ஷூவுக்குள் அந்த ஆறாவது ஆள் அடங்கமாட்டான் என்பதால், செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்கு வர அவருக்கு மட்டும் தனி அனுமதி. பஸ்ஸில் குழந்தை அழுதால் காலை நீட்டிக் காட்டுவார். "இவன் டிக்கெட் வாங்காம ஏறினவன். இறக்கிவிடவா, வேணாமா? நீயே சொல்லு." குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பிக்கும். எண்ணி முடிப்பதற்குள் மோக்கா நிறுத்தம் வந்துவிடும்.

அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், எந்தக் கடையில் அரிசியில் கல், யாருடைய கூரையைப் புயல் யாருடைய தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தது, எல்லாம் சில்லறையோடு சேர்த்துக் கொடுப்பார். பஸ் டீசலில் ஓடவில்லை, வீரசாமி பேச்சில்தான் ஓடுகிறது என்று டிரைவர் ரோபெர் சொல்வார்.

எங்களுக்கு அவர் பக்கத்து வீடு. அம்மாவுக்கு அண்ணன் முறை. எப்படி என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும், ஏனென்றால் அவளுக்கும் தெரியாது. மாமாவின் மனைவி பூங்காவனம் அத்தை, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் ஊர்ச் சட்டைகளைத் தேய்த்துக் கொடுப்பாள். மாமா பேசுகிற பேச்சுக்கெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி அத்தை பேசாமல் இருப்பாள். பேசினால் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மாமாவிடம் பதில் இருக்காது.

என் பெயர் கரோல். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த நர்ஸ் வைத்த பெயர். நான் பிறந்து பல வருஷம் கழித்து வந்த ஒரு புயலுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அது எங்கள் தெருவில் பாதி வீட்டின் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து, ஊரில் எது காணாமல் போனாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். சில சமயம் சரியான ஆளைத்தான் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனம் ஒத்துப் பிரிந்துவிட்டோம். ரோஸ் ஹில்லில் ஒரு துணிக்கடையில் பொத்தான் தைக்கிறேன். கடைக்கு எதிரே நகரசபைக் கூடம். அங்கேதான் அந்தப் படம் வந்தது.

ஜூன் மாதம், குளிர் மழை. கடைக்கார அம்மாள் ஊகெட் என்னை நூல் வாங்க அனுப்பினாள். நூல் எங்கே போய்விடப் போகிறது என்று கூடத்துக்குள் ஒதுங்கினேன். சுவரெல்லாம் படம். குதிரை, கடற்கரை, பூச்சாடி, தொப்பி போட்ட கிழவர். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மீசை வரைந்துகொண்டே போனேன். கடைசிச் சுவருக்கு வந்ததும் மீசை வரைகிற கை நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் வானம் கீழே இருந்தது. கரும்புக்காடு மேலே, தலைகீழாக. அதன் வெள்ளைப் பூக்கள் தாடி மாதிரித் தொங்கின. நடுவில் ரோஸ் நிற வேட்டி கட்டிய ஒரு மனிதன், மேகத்தின்மேல், ஆணிச் செருப்பில். நிற்கிறானா, சாய்கிறானா என்று சொல்ல முடியாது. தோளில் காவடி. ஆனால் காவடியின் வளைவு மரமில்லை, மீன்முள். பெரிய மீன் ஒன்றின் முதுகெலும்பு முள்ளெல்லாம் முழுசாக வளைந்து, அதன்மேல் மயிலிறகு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. திரைச்சீலை வெளியே பறந்தது, உள்ளே கடல். மார்பில் குத்தித் தொங்க வேண்டிய எலுமிச்சம்பழங்கள் நூலோடு மேல்நோக்கி மிதந்தன. ஒரு மூலையில் பித்தளைச் சொம்பு, எதிலும் கட்டப்படாமல், காற்றில் சாய்ந்து நின்றது. அதை நோக்கி இரண்டு கைகள். மணிக்கட்டோடு சரி, அதற்குப் பின்னால் உடம்பு இல்லை. ஒரு மணிக்கட்டில் சின்னதாக ஒரு நீல முக்கோணம்.

சொம்பிலிருந்து பால் போய்க்கொண்டிருந்தது. கீழே இல்லை, மேலே. சொம்பின் வாயருகே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். கொஞ்சம் உயரே போனதும் உருண்டைகளுக்கு இறக்கை மாதிரி ஏதோ. இன்னும் உயரே அவை நீளவால் வெள்ளைப் பறவைகளாகி, தலைகீழ்க் கரும்புக்குள் நுழைந்து காணாமல் போயின.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. புயல் முடிந்த காலையில் வெளியே வந்து, எங்கள் கதவு மட்டும் சுவரில்லாமல் வயலில் தனியாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு இப்படித்தான் இருந்தது. பயம் இல்லை. சிரிப்பும் வரவில்லை. உலகத்தின் தையலைப் பிரித்து உள்பக்கத்தைக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அப்புறம்தான் அந்த மனிதனின் காலைப் பார்த்தேன். இடது காலில் ஆறு விரல்.

மறுநாளிலிருந்து நூல் அடிக்கடி தீர்ந்துபோனது. கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஃபிலிப். டை கட்டியவர், கையில் ஒரு குச்சி. வருகிறவர்களுக்குக் குச்சியால் காட்டி விளக்குவார். இந்த வகைப் படத்துக்கு சர்ரியலிசம் என்று பெயராம். நிஜத்துக்கு மேலே ஒரு மாடி கட்டி அங்கிருந்து பார்ப்பதாம். ஜன்னல் என்பது ஆன்மா, கடல் என்பது ஆழ்மனம், ஆறாவது விரல் மனித அளவை மீறும் ஆசை. ஆறாவது விரல் என்பது சேன் பியேர் பஸ் கண்டக்டர் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஃபிலிப் சாப்பிடப் போகும் நேரத்தில் குச்சியை நான் எடுத்துக்கொள்வேன். குடை பிடித்து வந்த ஒரு சீமாட்டியிடம், இந்த எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றும் ஓவியரைக் கைவிட்ட ஒரு காதலன் என்றேன். அவள் ரொம்ப நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்றாள்.

ஆனால் ஃபிலிப் சொன்ன ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. யாரும் இல்லாதபோது, குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்: "எல்லாமே விழ வேண்டிய நிலையில இருக்கு. கவனிச்சியா? ஆனா இந்தப் படத்துல எதுவுமே விழல."

மாமாவிடம் பஸ்ஸில் சொன்னேன். முதலில் நம்பவில்லை. என் பேச்சை நம்பி ஒருமுறை செத்துப்போகாத ஆள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன அனுபவம் அவருக்கு உண்டு. "என் காலை வரைஞ்சிருக்காங்களா? காலுக்குக் காசு யாரு கொடுப்பா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பஸ்ஸும் சிரித்தது. ஆனால் ரோஸ் ஹில் வந்ததும், ரோபெர் டீ குடிக்கப் போன நேரத்தில், தோளில் டிக்கெட் பையோடு என் பின்னாலேயே வந்தார்.

வாசலில் நுழைந்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். குதிரைப் படத்துக்கு ஒன்று சொன்னார், கிழவர் படத்துக்கு ஒன்று சொன்னார். கடைசிச் சுவருக்கு வந்தார். பேச்சு நின்றது.

வீரசாமி மாமாவின் மௌனத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். அது சத்தமாக இருந்தது. முகத்தில் இருந்த பஸ், சில்லறை, கேலி எல்லாம் இறங்கிப் போய், உள்ளே யாரோ ஒரு சின்னப் பையன் மட்டும் நின்றான். கால் விரலைப் பார்க்கவே இல்லை. மீன்முள்ளைப் பார்த்தார். பிறகு சொம்பின் வாயில் இருந்த வெள்ளை உருண்டைகளைப் பார்த்தார். வெளியே ரோபெர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"கரோலு, அது கட்டியா, தண்ணியா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. திரும்பிப் போகும் வழியில், காலியான கடைசி சீட்டில் உட்கார்ந்து, குரலைத் தணித்து மாமா சொன்னதைக் கேட்டபிறகுதான் புரிந்தது.

அத்தைக்கு முதல் பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. இரண்டாவது பிறக்கவே இல்லை. இரண்டு முறையும் அவள் வயிற்றில் இருந்தபோது மாமா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தார். போன தைப்பூசத்துக்குச் சில மாதம் முன்பு அத்தை மறுபடி உண்டானாள். மறுபடி காவடி. எங்கள் ஊரில் காவடியின் இரண்டு பக்கமும் பால் சொம்பு கட்டுவார்கள். ஆற்றங்கரையில் அலகு குத்திக்கொண்டு, வெயிலில் கோயில்வரை நடந்து, படியேறி இறக்கும்போது அந்தப் பால் திரியாமல் இருக்க வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் பால் திரியாது. திரிந்தால் வேண்டுதல் சேரவில்லை என்று அர்த்தம். இதில் சந்தேகப்படுகிறவரை நான் சேன் பியேரில் பார்த்ததில்லை.

விரதத்தின் நடுவில் ஒருநாள், மதியம் தாண்டியும் பஸ் நிற்காமல் ஓடியதில் மாமாவுக்குக் கண் இருட்டியிருக்கிறது. ரோபெர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அவர் கிறிஸ்தவர், விரதம் என்பது அவருக்கு வெள்ளிக்கிழமை சமாச்சாரம், அதுவும் மறந்துபோகும். ரொட்டிக்குள் கருவாட்டுச் சட்னி.

"முதல் கடி தெரியாம கடிச்சேன்," என்றார் மாமா. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டாவது கடி தெரிஞ்சேதான்."

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. காவடி அன்று கோயில் படியில் மயங்கி விழுந்தார். கண் திறந்தபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பால் எல்லோருடைய பாலோடும் அபிஷேகத்துக்குப் போய்விட்டிருந்தது. அது எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பூசாரியைக் கேட்டதற்கு, நன்றாகத்தான் இருந்தது என்றார். பூசாரி எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார். அத்தைக்கு இப்போது எட்டாம் மாதம். அந்தப் பால் திரிந்திருந்தால், தன் இரண்டாவது கடிதான் மூன்றாவது பிள்ளையையும் கொண்டுபோகும் என்று மாமா நம்பினார்.

இந்த நிலையில்தான் எவளோ ஒருத்தி அவர் காவடியை மீன்முள்ளால் வளைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

அன்றிலிருந்து பஸ் ரோஸ் ஹில்லில் நிற்கிற நேரமெல்லாம் மாமா கூடத்தில் இருந்தார். கிட்டப் போய்ப் பார்ப்பார், எட்டிப் போய்ப் பார்ப்பார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பால்கார ராமசந்திரனிடம் படத்தை வர்ணித்து, அந்த மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தால் அது என்ன பால் என்று கேட்டார். ராமசந்திரன், என் பால் எந்தப் படத்திலும் திரியாது என்று சண்டைக்கு வந்துவிட்டார். ஃபிலிப்பைக் கேட்டார். உருண்டை என்பது முழுமை, முழுமை உடைந்து விடுதலையாகிறது என்று ஃபிலிப் சொன்னார். "அப்ப கட்டிதானே?" என்றார் மாமா. ஃபிலிப் குச்சியைக் கீழே வைத்துவிட்டு நன்றாக யோசித்தார். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த மனுஷனை எனக்கு அதற்காகவே பிடிக்கும்.

நானும் குச்சியைத் தொடுவதை விட்டுவிட்டேன். ஒரு சுவரில் தொங்குகிற துணியிடம் ஒரு மனிதன் தன் பிள்ளை உயிரோடு வருமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்று எலுமிச்சம்பழத்துக்குக் காதலன் பெயர் வைக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை ஓவியர் வந்தாள். மொனிக் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். நான் பெரிய தொப்பியை எதிர்பார்த்தேன். வந்தவள் மழைக்கோட்டில், கையில் வெங்காயப் பையோடு வந்தாள். நான் ஓடிப்போய் பஸ்ஸிலிருந்து மாமாவை இழுத்துவந்தேன். பேசியதெல்லாம் எங்கள் தீவின் கிரியோல் மொழியில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

மாமா முதலில் காலைத்தான் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவள் காலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆறாவது விரலைத் தானே கற்பனை செய்துவிட்டதாக அவளுக்கே பின்னால் ஒரு சந்தேகம் வந்திருந்ததாம்.

"மாம்ஸெல், மீனைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் மாமா.

"எந்த மீன்?"

மாமா வளைவைக் காட்டினார். அவள் சிரித்தாள். கிராண்ட் பே என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவளாம், அப்பா மீன்பிடிக்கிறவர். வளைந்த எதை வரைந்தாலும் அவள் கைக்கு மீன்முள்தான் வருமாம். பாலத்தை வரைந்தாலும் முள், தேவாலயத்தை வரைந்தாலும் முள். பாதிரியார் ஒருமுறை கோபித்துக்கொண்டாராம். மாமாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அடுத்ததைக் கேட்டார்.

"பால் எப்படி இருந்தது? அன்னிக்குக் கோயில்ல நீங்க கிட்ட நின்னிருப்பீங்க. திரிஞ்சிருந்ததா?"

அவளுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. ஆனால் கேட்ட முகம் தெரிந்தது. வெங்காயப் பையைக் கீழே வைத்தாள். "நான் பாலைப் பார்க்கவே இல்லை," என்றாள். "நீங்க விழுந்தீங்க. ஒரு சொம்பு அவிழ்ந்து வந்திடுச்சு. அது விழல. யாரோ பின்னாலேருந்து பிடிச்சாங்க. ஆனா பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு கணம், யாருமே தொடாம, அது சும்மா நின்னுச்சு. நான் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு வேற எதையும் வரைய முடியல."

"அப்ப இந்த உருண்டை?"

"பறவைன்னு நினைச்சுத்தான் வரைஞ்சேன். தூரத்துல எல்லாப் பறவையும் முதல்ல புள்ளிதானே."

"பிடிச்சது யாரு?"

முகம் பார்க்கவில்லை என்றாள். கூட்டத்தின் நடுவிலிருந்து வந்த கைகள் மட்டும்தான் தெரிந்தனவாம். வளையல் மேலே ஏறியதில் மணிக்கட்டில் முக்கோணமாக ஒரு தழும்பு தெரிந்ததாம். அதை நீலமாக்கியது மட்டும் தன் வேலை என்றாள்.

மாமா படத்துக்குத் திரும்பினார். இத்தனை நாள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தவர் முதல்முறையாகக் கைகளைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் நுனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மாமா ஏதோ கேலி பேசி, அத்தை சிரித்துக் கை தவறி, மணிக்கட்டின் உள்பக்கம் சுட்டுக்கொண்ட தழும்பு. வளையலுக்கு அடியில் இருப்பதால் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

மாமா செருப்பைப் போட மறந்து பஸ்ஸுக்குப் போனார்.

இனி என்ன, நேரே வீட்டுக்குப் போய் அத்தையைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் கருவாட்டைச் சொல்ல வேண்டும். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள். அந்த வாரம் பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. மோக்காவில் இறங்க வேண்டியவர்களுக்கு ரோஸ் ஹில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஒரு குழந்தை அழுதது, இவர் காலை நீட்டவில்லை. குழந்தை தானாகவே அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டது. ரோபெர் என்னிடம் ரகசியமாக, வீரசாமிக்கு என்ன வியாதி என்று கேட்டார். உங்கள் ரொட்டிதான் என்று சொல்ல நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு மாலை அத்தை தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் போய் நின்று, பெருமூச்சு விட்டேன். அத்தை நிமிரவில்லை. இரண்டாவது பெருமூச்சுக்கும் நிமிரவில்லை. மாமா தினமும் ரோஸ் ஹில்லில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார் என்றேன். பேசுவதில்லை, தொடுவதில்லை, அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அத்தை பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை, நல்ல சேலையில், நிறைந்த வயிற்றோடு, அத்தை பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் புருஷனிடம் சில்லறையை நீட்டினாள்.

"ரோஸ் ஹில் ஒண்ணு."

மாமா டிக்கெட் கொடுத்தார். வேறு என்ன செய்வார். பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. ரோபெர் அன்று ஒரு பள்ளத்தில்கூட இறக்காமல் ஓட்டினார்.

கூடத்தில் நான்தான் முன்னால் நடந்தேன். பின்னால் அத்தை, அவளுக்குப் பின்னால் பிடிபட்ட திருடன் மாதிரி மாமா. ஃபிலிப் அத்தையின் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குச்சியைக் காணோம். அத்தை உட்காரவில்லை. படத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். தலைகீழ்க் கரும்பை, ஜன்னலை, ஆறு விரலை. கடைசியில் கைகளைக் கண்டாள். மெதுவாகத் தன் வளையலை மேலே தள்ளி, மணிக்கட்டைத் திருப்பி, படத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு முக்கோணம். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. ஃபிலிப் டையைத் தளர்த்திக்கொண்டார்.

மாமாவுக்குத் தாங்கவில்லை. "பூங்காவனம், நான் அன்னிக்கு, ரோபெர் ரொட்டில," என்று தொடங்கினார்.

"தெரியும்," என்றாள் அத்தை. "உங்க சட்டைப் பையில முள்ளு இருந்துச்சு. உங்க சட்டையை யாரு தேய்க்கறா?"

அவர் முள்ளைப் பஸ்ஸில் துப்பப் பயந்து பையில் போட்டிருக்கிறார். அது அப்படியே இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போயிருக்கிறது. அத்தை அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டையை மடித்து வைத்திருக்கிறாள். சாப்பிடாத உடம்பு, கலங்கின மனசு, இந்த ஆள் படியேறும்போது விழுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் காவடி அன்று பெண்கள் வரிசையை விட்டு, அவர் முதுகோடு ஒட்டி நடந்திருக்கிறாள்.

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்."

மாமா படத்தைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, தன் ஆறு விரலையே பார்த்துக்கொண்டு கேட்டார். "பால்?"

"திரிஞ்சுதான் இருந்துச்சு. கட்டி கட்டியா."

மழை மட்டும் தகரத்தில் கேட்டது. மாமா ஃபிலிப்பின் நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். அத்தை அவருக்கு எதிரே வந்து நின்றாள். இனி வருவது அத்தை என் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு. அதனால் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ரெண்டு தடவை பால் பூ மாதிரி இருந்துச்சு. நான்தான் எட்டிப் பாத்தேன். சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். ரெண்டும் தங்கல. இந்தத் தடவை திரிஞ்சுது. யாரும் பாக்கறதுக்குள்ள நானே கொண்டுபோய் ஊத்தினேன். மேல ஊத்தினதும் வழிஞ்சு போச்சு. முருகன் வாங்கிக்கிட்டார், வேணாம்னு சொல்லல. அன்னியிலேருந்து ஒவ்வொரு மாசமும் பாக்கறேன். தங்குது. உதைக்குது. நான் இனிமே பாலைக் கேக்கறதா இல்ல."

அவள் மாமாவின் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். அங்கே என்ன நடந்ததோ, மாமாவின் முகத்தில் தெரிந்தது. ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபிலிப் மாதிரிப் பேசக்கூடாது என்றுதான் பார்க்கிறேன். ஆனால் அந்த முகத்துக்கு நடுவில் திரைச்சீலை பறந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அத்தை ரொம்ப நேரம் படத்தின் அந்த மூலையையே பார்த்தாள். கட்டிகள், இறக்கை முளைக்கிற கட்டிகள், பறவைகள். நானும் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் அவை நகர்ந்தன. சத்தியமாக. நான் எவ்வளவு பொய் சொல்கிறவள் என்று தெரிந்தவர்கள் இந்த வரியை நம்ப வேண்டாம். ஃபிலிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவரும் வாயைத் திறந்தபடிதான் நின்றார்.

வெளியே ஹாரன் கேட்கவில்லை. ரோபெர் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மாமா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரோபெர் தன் ரொட்டிக்காக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டார். சட்னியில் உப்பு அதிகமா என்று அத்தை கேட்டாள்.

கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த காலத்தில் பெண்குழந்தை பிறந்தது. பாக்கியம் என்று பெயர். இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல்தான். மாமாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். இப்போது பஸ்ஸில் மறுபடி பேச்சு நிற்பதில்லை. பாதி குழந்தையைப் பற்றி, மீதி அந்தப் படத்தைப் பற்றி. வழியில் தெரிகிற கட்டைவிரல் மலையைத் தாண்டுவதற்குள் பயணிகளுக்கு சர்ரியலிசம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். படம் விலை போகவில்லை. கூடத்தின் தாழ்வாரத்தில் இன்னும் தொங்குகிறது. சேன் பியேர்க்காரர்கள் ரோஸ் ஹில் போனால் ஒரு நடை போய்ப் பார்க்கிறார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். ஃபிலிப் தடுப்பதில்லை.

இந்தத் தைப்பூசத்துக்கும் மாமா காவடி எடுத்தார். பிள்ளை பிறந்ததற்கு நன்றிக்கடன். விரத காலம் முழுக்க ரோபெர் தன் ரொட்டியைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டார். பாக்கியம் என் இடுப்பில் இருந்தாள், என் காதுத்தோட்டைப் பிடுங்குவதில் மும்முரமாக. மாமா ஆணிச் செருப்பில் கோயில் படியேறினார். சொம்பு வெயிலில் மின்னியது. பால் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. அத்தை பெண்கள் வரிசையில் இல்லை. மாமாவின் முதுகோடு ஒட்டி ஏறினாள். வளையலை முழங்கைவரை தள்ளிவிட்டிருந்தாள். அவளுடைய கை சொம்புக்குக் கீழே, தொடாமல், ஒரு சாண் தள்ளி, கூடவே ஏறியது.

பால் திரிந்திருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.